பிளட் கல்ச்சர்: கண்ணால் பார்ப்பதா, இயந்திரத்திடம் கொடுப்பதா?

நூறு, நூற்றைம்பது படுக்கைகள் உள்ள ஒரு மருத்துவமனையில் பிளட் கல்ச்சர் (நோயாளியின் ரத்தத்தைப் பாட்டிலில் வைத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) தொடங்கலாமா என்ற பேச்சு எழுந்ததும் முதலில் வந்து நிற்பவர் இயந்திர நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிதான். "இயந்திரத்தை இலவசமாக வைத்துவிடுகிறோம், பாட்டிலை மட்டும் எங்களிடம் வாங்கினால் போதும்" என்பார். நிர்வாகத்தின் காதில் விழுவது முதல் பாதி மட்டும். ஆய்வகத்தின் மூத்த டெக்னீசியனோ, "இத்தனை வருடம் கிருமி வளர்வதற்கான ஊடகத்தை நாங்களே காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, கண்ணால் பார்த்துத்தானே சொன்னோம்? இப்போது என்ன வந்துவிட்டது?" என்று முறைத்துக்கொண்டு நிற்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து பாட்டிலாவது வரும், இரவிலும் ஆய்வகத்தில் கிராம் சாயம் போட்டு, கிருமியின் வகையை நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்றால் சிறிய தானியங்கி இயந்திரம் வாங்கலாம். அந்த இரண்டும் இல்லையென்றால் திட ஊடகமும் திரவ ஊடகமும் சேர்ந்த இரட்டை ஊடகப் பாட்டில் போதும். பாட்டில் தேறிய பிறகு, அதாவது அதில் கிருமி வளர்ந்தது தெரிந்த பிறகு, கிருமியின் பெயரைச் சொல்லும் பெரிய கருவிகள் இந்த அளவு மருத்துவமனைக்கு இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைத்தான் கீழே விவரமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இதைச் சரிசெய்யாமல் எந்த வழியை எடுத்தாலும் பணம் வீண்தான்.

ரத்தத்தில் கிருமி பரவிய பெரியவர் ஒருவரிடம்கூட ஒரு மி.லி. ரத்தத்தில் உயிருள்ள பாக்டீரியா பத்துக்குள்தான் இருக்கும்; பல நேரங்களில் ஒன்றுகூடத் தேறாது. அதனால்தான் பெரியவர்களுக்கான பாட்டில் ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மி.லி. ரத்தம் கேட்கிறார்கள். வார்டிலிருந்து வந்து சேர்வதோ பெரும்பாலும் மூன்று மி.லி., அதுவும் ஒரே பாட்டிலில். கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு மி.லி.க்கும் கிருமி பிடிபடும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் உயர்கிறது என்பது இத்துறையில் நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. 2000-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளில், 20 மி.லி. கொண்ட முதல் செட் (ஒரு தடவை குத்தி எடுக்கும் பாட்டில்கள்) மட்டும் கண்டுபிடித்தது 65 முதல் 73 சதவீதம் வரை. இரண்டாவது செட் சேர்ந்தபோது அது 80 முதல் 90 ஆனது. மூன்றாவதுடன் 95-ஐத் தாண்டியது. இருபது மி.லி. எடுத்தவர்களுக்கே முதல் தடவையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தப்பிப் போகிறது என்றால், மூன்று மி.லி.யை வைத்துக்கொண்டு எந்த இயந்திரம் என்ன செய்துவிடும்?

இரண்டாவது பாட்டிலால் இன்னொரு லாபமும் உண்டு. தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமி ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தால், அது ஊசி வழியாக உள்ளே போனதா, நோயாளியின் ரத்தத்தில் உண்மையிலேயே இருந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று எடுத்து, அப்படிப்பட்ட கிருமி இரண்டில் ஒன்றில் மட்டும் வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்ததுதான் என்று தைரியமாகச் சொல்லலாம்; வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தேவையில்லாமல் ஏறாது. எனவே நிதி ஒன்றுக்குத்தான் போதும், இயந்திரமா, எல்லா நோயாளிக்கும் இரண்டாவது பாட்டிலா என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவது பாட்டில் என்பேன். விற்பனைப் பிரதிநிதிக்கு இது பிடிக்காது.

கையால் பார்க்கும் வழி

இதிலேயே இரண்டு வகை உண்டு. முதலாவது, மூளை-இதயச் சாறு போன்ற திரவ ஊடகம் மட்டும் உள்ள பாட்டில். ரத்தம் போட்டு 37 டிகிரியில் வைத்து, தினமும் காலையில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். திரவம் கலங்கியிருக்கிறதா, ரத்த அணுக்கள் உடைந்து மேலே சிவப்பு ஏறியிருக்கிறதா, குமிழி இருக்கிறதா, அடியில் படிந்த ரத்தத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும் ஊசி போட்டு எடுத்து அகார் என்ற திட ஊடகத் தட்டில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் முடிவில் இன்னொரு முறை. எல்லாக் கிருமியும் திரவத்தைக் கலக்குவதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். இதில் ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் வெளிக்கிருமி உள்ளே போக வாய்ப்பு. டெக்னீசியன் விரலில் குத்திக்கொள்ளவும் வாய்ப்பு. வேலை நெருக்கடியான நாட்களில் முதலில் விட்டுப்போவதும் இந்த மறுவளர்ப்புதான்.

நிமோனியா தரும் நிமோகாக்கஸ் இங்கே ஒரு சங்கடமான கிருமி. வளர்ந்த கொஞ்ச நேரத்திலேயே தானாகச் சிதைந்து செத்துப்போகும் குணம் அதற்கு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை வளர்ந்து, திங்கள்கிழமை காலை அகாரில் இழுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காது. அறிக்கையில் 'வளர்ச்சி இல்லை' என்று போகும்.

இரண்டாவது வகையை 1947-இல் மெக்சிகோவின் ரூயிஸ் காஸ்டனேடா, புருசெல்லா கிருமிக்காக வடிவமைத்தார். ஒரே பாட்டிலில் ஒரு பக்கச் சுவரில் அகார், அடியில் திரவம். பாட்டிலைத் திறக்காமல், ஊசி போடாமல், சாய்த்துத் திரவத்தை அகார் மேல் ஓடவிட்டு மறுபடி நிமிர்த்தி வைத்தால் அதுவே மறுவளர்ப்பு. அகாரில் தனித்தனிப் புள்ளிகளாகக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், எழும். அங்கிருந்தே அடுத்த வேலையைத் தொடங்கலாம். மும்பையின் ஹைமீடியா போன்ற இந்திய நிறுவனங்கள் இந்தப் பாட்டிலைத் தயாராகவே விற்கின்றன. கையால் பார்ப்பதென்று முடிவெடுத்தால் இதைத்தான் எடுக்க வேண்டும். சொந்தமாக ஊடகம் காய்ச்சுவதில் பெருமை இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் சில பாட்டில்களை வெறுமனே வைத்துக் கிருமியில்லை என்று உறுதிசெய்து, வேறு சிலவற்றில் நிமோகாக்கஸ் போன்ற நோஞ்சான் கிருமிகளைப் போட்டு வளர்கிறதா என்று பார்க்கும் ஆய்வகங்கள் அரிது. மோசமான ஊடகம் சத்தமே போடாது. எல்லாம் 'வளர்ச்சி இல்லை' என்றே வரும். யாருக்கும் சந்தேகமும் வராது.

இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது

வளரும் நுண்ணுயிர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடும். பேக்ட்-அலர்ட், பேக்டெக் என்ற இரண்டு வகை இயந்திரங்களில், பேக்ட்-அலர்ட் பாட்டிலின் அடியில் ஒரு வட்ட உணரி இருக்கிறது; வாயு கரையக் கரைய அது நீலப்பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும். பேக்டெக் பாட்டிலில் நிறத்துக்குப் பதில் ஒளிர்வு மாறும். இயந்திரம் பாட்டிலை ஆட்டிக்கொண்டே 10 நிமிடத்துக்கு ஒருமுறை அடியைப் படித்து, வாயு கூடும் வேகத்தைக் கணக்கிட்டு மணி அடிக்கிறது. ஐந்து நாள் வரை மணி அடிக்காவிட்டால் எதிர்மறை என்று எடுத்துவிடலாம். இடையில் மறுவளர்ப்பு வேண்டியதில்லை. முக்கியமான கிருமிகளில் பெரும்பாலானவை முதல் 48 மணி நேரத்துக்குள் மணி அடித்துவிடும்.

ஆன்டிபயாடிக் போட்ட பிறகு வரும் நோயாளிகளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. இந்தப் பாட்டில்களில் சிலவற்றில் ரெசின் மணிகளோ பாலிமர் மணிகளோ போட்டிருப்பார்கள். ரத்தத்தோடு வந்த மருந்தை அவை பிடித்துக்கொள்ளும். தெருமுனை மருந்துக் கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு வருவது நம் ஊர் வழக்கம் என்பதால், எனக்கு இது இயந்திரத்தின் வேகத்தைவிடப் பெரிய வசதியாகத் தெரிகிறது. பழைய வகைப் பாட்டிலிலும் எஸ்.பி.எஸ். என்ற உறைதடுப்பான் இருக்கும். அது ரத்தத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கி, ஜென்டாமைசின் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே ரத்தத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு ஊடகத்தில் கலந்து மருந்தை நீர்க்கச் செய்வதுதான் ஒரே வழி.

இயந்திரத்தின் குறைகளை யாரும் விளக்கக் காகிதத்தில் அச்சடிப்பதில்லை. வெள்ளணுக்கள் மிக அதிகமாக உள்ள ரத்தப் புற்றுநோயாளியின் பாட்டில், கிருமியே இல்லாமல் மணி அடிக்கும். அணுக்களும் மூச்சு விடுகின்றன அல்லவா? கிராம் சாயத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் மிரளாமல், அகாரில் இழுத்துவிட்டு பாட்டிலைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். அதைவிட ஆபத்தானது எதிர்த்திசைப் பிழை. பாட்டில் வார்டின் சூடான மூலையில் இரவு முழுவதும் கிடந்துவிட்டால் கிருமி ஏற்கெனவே வளர்ந்து முடிந்திருக்கும். உள்ளே வைத்த பிறகு வாயு மேலும் கூடாததால் இயந்திரம் வாயே திறக்காது. சூடோமோனாஸ் என்ற கிருமி இப்படித் தப்புவது அறிந்த விஷயம். பாட்டிலை வைக்கும் முன் அடியைத் திருப்பி, நிறம் ஏற்கெனவே மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். காத்திருக்க வேண்டிய பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் வைத்து, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

அந்த இரவுக் கணக்கு

இரவு எட்டு மணிக்குக் காய்ச்சலும் குறைந்த ரத்த அழுத்தமுமாக ஒருவர் சேர்கிறார். சிறுநீர்ப் பாதையிலிருந்து ஈ. கோலை ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாட்டில் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏறுகிறது.

கையால் பார்க்கும் ஆய்வகத்தில் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பாட்டில் கலங்கியிருக்கலாம். பார்த்தவுடன் கிராம் சாயம் போட்டு 'கிராம் நெகட்டிவ் கோல் வடிவக் கிருமி' என்று பத்து மணிக்கு வார்டுக்கு ஃபோன் செய்துவிடலாம். கலங்கவில்லை என்றால் மறுவளர்ப்புத் தட்டில் அதற்கடுத்த நாள் காலைதான் தெரியும்.

இயந்திரம் உள்ள ஆய்வகத்தில் காலை ஏழு, எட்டு மணிக்கே மணி அடித்திருக்கும். நேரத்தில் லாபம் ஒன்றிரண்டு மணி நேரம்தானா என்று டெக்னீசியன் கேட்பார். கிருமி வேகமாக வளரும் இந்த நோயாளிக்கு, ஆமாம். மெதுவாக வளரும் கிருமிக்கும், குறைவான எண்ணிக்கையில் இருக்கும் கிருமிக்கும், திரவத்தைக் கலக்காத கிருமிக்கும் லாபம் ஒரு முழுநாள், சில சமயம் இரண்டு. ஆனால் மணி நள்ளிரவு ஒரு மணிக்கு அடித்து, ஆய்வகம் பூட்டியிருந்து, காலை ஒன்பதுக்கு ஒருவர் வந்து பார்த்தால், அந்த எட்டு மணி நேரத்துக்காகக் கொடுத்த காசு எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இயந்திரம் வாங்கிய மருத்துவமனைகள் நிறைய. இரவுப் பணியில் இருக்கும் பொது ஆய்வக டெக்னீசியனுக்குக் கிராம் சாயம் பழக்கி, கண்டதை நேராகப் பணி மருத்துவரிடம் சொல்லும் அதிகாரமும் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். படத்தைக் கைப்பேசியில் எடுத்து நுண்ணுயிரியல் மருத்துவருக்கு அனுப்பினால் மீதியும்.

எத்தனை பாட்டில் கொள்ளும்?

சின்ன இயந்திரங்களில் பேக்டெக் எஃப்எக்ஸ்40-க்கு 40 இடம். பேக்ட்-அலர்ட் 3டி 60-க்கு 60. ஒவ்வொரு எதிர்மறைப் பாட்டிலும் ஐந்து நாள் இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே நாற்பது இடம் என்றால் நாளொன்றுக்கு எட்டுப் பாட்டில்; நோயாளிக்கு இரண்டு என்று ஒழுங்காக எடுத்தால் நான்கு நோயாளிகள். அறுபதில் ஆறு பேர். நூற்றைம்பது படுக்கைக்கு இது இப்போது போதும். தீவிரச் சிகிச்சைப் பிரிவை விரிவாக்கும் எண்ணம் இருந்தால் இடித்துக்கொள்ளும். மறுபக்கம், நாளுக்கு ஒரு பாட்டில்தான் வரும் என்றால் இயந்திரம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள குறைந்தபட்சக் கொள்முதலை எட்டுவதற்காக, காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் கல்ச்சர் எழுதச் சொல்லி மருத்துவர்களுக்கு மறைமுக நெருக்கடி வரும். தேவையில்லாத கல்ச்சரில் வளர்வது பெரும்பாலும் தோல் கிருமிதான். மாசு விகிதம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்ற அளவு. நல்ல ஆய்வகங்கள் ஒன்றுக்கு அருகில் வைத்திருக்கின்றன.

பிரின்டர் வாங்கியவர் அதே நிறுவனத்தின் மையை வாங்கியே தீர வேண்டியது போல, இங்கே பாட்டிலுக்கு மாற்றுக் கடை கிடையாது. ஒன்றின் பாட்டில் மற்றதன் இயந்திரத்தில் வேலை செய்யாது. 2024 ஜூலையில் இது வெறும் பயமல்ல என்று உலகுக்கே தெரிந்தது. பெக்டன் டிக்கின்சன் நிறுவனத்தின் பேக்டெக் பாட்டில்களுக்குத் தட்டுப்பாடு வந்து, அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பின. கல்ச்சர் யாருக்கு அவசியம் என்று தேர்ந்தெடுத்து எழுதும் நிலை பெரிய மருத்துவமனைகளுக்கே வந்தது. எனவே இயந்திரம் வைத்தாலும் இரட்டை ஊடகப் பாட்டில் ஒரு மாதத்துக்கானது அலமாரியில் இருக்கட்டும். காலாவதித் தேதி நெருங்கும்போது பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். கையால் பார்க்கும் பழக்கம் மறக்காமலிருக்கவும் அது உதவும்.

பெயர் சொல்லும் கருவிகள்

பாட்டில் தேறிய பிறகு என்ன கிருமி, எந்த மருந்து என்ற கேள்வி வருகிறது. மால்டி-டாஃப் கருவி ஒரு காலனியைச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும், விலை கோடிகளில். பயோஃபயரின் பிளட் கல்ச்சர் பேனல் தேறிய பாட்டிலிலிருந்து நேரடியாக, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிருமியையும் சில எதிர்ப்பு மரபணுக்களையும் சொல்லும். ஒவ்வொரு முறைக்கும் பல ஆயிரம் ரூபாய். கார்பபெனம் மருந்தும் கேட்காத கிளெப்சியெல்லா நிறைந்த தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டாவதன் மதிப்பு எனக்குப் புரிகிறது. மருந்தை மாற்றும் முடிவு அன்றைக்கே எடுக்கப்படும் இடத்தில் அது பணத்துக்குத் தகும். பொது வார்டு நோயாளிக்கு அதைப் போடுவது வீண்செலவு.

நம் அளவு மருத்துவமனைக்கு நல்ல நடுவழி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவின் யூகாஸ்ட் குழு வகுத்த விரைவு வட்டு முறையில், மணி அடித்த பாட்டிலிலிருந்து 125 மைக்ரோலிட்டரை நீர்க்காமல் நேரடியாக முல்லர்-ஹின்டன் தட்டில் தடவி, மருந்து ஊறிய வட்டுகளை வைத்து, அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத பகுதியை 4, 6, 8 மணி நேரத்தில் அளக்கலாம். காலை ஒன்பதுக்கு வைத்தால் மாலை மூன்றுக்கு மெரோபெனம் போன்ற ஆன்டிபயாடிக் கேட்குமா என்று தெரிந்துவிடும். வட்டும் தட்டும் ஏற்கெனவே ஆய்வகத்தில் இருப்பவைதான். இரண்டு நிபந்தனைகள் உண்டு: கிருமியின் பெயர் தெரிந்தால்தான் அளவைப் படிக்க முடியும், இந்த முறை தானியங்கிப் பாட்டில்களில் சோதித்து வகுக்கப்பட்டது என்பதால் சொந்தமாகக் காய்ச்சிய பாட்டிலுக்கு அதே எல்லைகளைப் போடக் கூடாது. இயந்திரத்துக்கு ஆதரவாக நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் சொல்லும் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில் உள்ள ஆபத்துக்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது: மெலியாய்டோசிஸ். இந்நோயைத் தரும், மண்ணிலும் நீரிலும் வாழும் பர்க்ஹோல்டெரியா சூடோமாலியை என்ற கிருமி பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளைப் பிடிக்கிறது, வேலூர் சி.எம்.சி. இந்நோயைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறது. பழக்கமில்லாத ஆய்வகத்தில் இது 'சூடோமோனாஸ்' என்றோ 'மாசு' என்றோ போய்விடும். தானியங்கிக் கருவிகளும் இதை அதன் உறவுக் கிருமி என்று மாற்றிச் சொன்னதுண்டு. வட்டுத் தட்டு இதில் கருவியைவிட நேர்மையானது. ஜென்டாமைசினும் கொலிஸ்டினும் கேட்காமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கேட்கும் ஒரு 'சூடோமோனாஸ்' வந்தால் உடனே நிறுத்தி, உயிர்ப் பாதுகாப்பு அலமாரிக்குள் வேலையைக் கொண்டுபோய், மாதிரியைப் பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். செஃப்டாசிடிமோ மெரோபெனமோ ஊசியாகத் தொடங்கி, பிறகு மூன்று மாதமாவது கோ-ட்ரைமாக்சசோல் கொடுக்க வேண்டிய நோய் இது. ஐந்து நாள் சிகிச்சையோடு வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரும்.

டைஃபாய்டுக்கு இயந்திரம் வைத்தாலும் கல்ச்சர் பத்தில் ஆறு பேரிடம்தான் பிடிக்கும். முதல் வாரத்தில், மருந்துக்கு முன் எடுத்தால். அதற்காக, ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய வைடால் சோதனைக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. பிடித்த ஆறு பேருக்கு எந்த மருந்து கேட்கும் என்று கல்ச்சர் சொல்லும், வைடால் சொல்லாது.

ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளுக்கான பாட்டிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வயிற்று அறுவைச் சிகிச்சை அதிகம் நடக்கும் மருத்துவமனை என்றால் வாங்குங்கள். மற்றபடி காசு அளவாக இருந்தால், இரண்டு கைகளிலிருந்து இரண்டு ஆக்சிஜன் பாட்டில் எடுப்பது மேல். குழந்தைகளுக்குத் தனிப் பாட்டில் அவசியம். ஒன்றிலிருந்து மூன்று மி.லி. ரத்தத்துக்கு அளந்து செய்தது அது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: குறைந்தபட்ச மாதக் கொள்முதல் எத்தனை, அதை எட்டாவிட்டால் என்ன, பாட்டில் விலை எத்தனை ஆண்டுக்கு மாறாது, சப்ளை நின்றால் யார் பொறுப்பு, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் பொறியாளர் வருவார், யூ.பி.எஸ். யாருடையது. மதுரைக்குத் தெற்கே இருப்பவர்கள், பொறியாளர் சென்னையிலிருந்து வருவாரா, உள்ளூரில் இருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் வந்து இறங்கும் வாரத்துக்கு முன்பே வார்டு செவிலியர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு நடத்திவிட வேண்டும்: குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலால் தோலைத் தேய்த்து முப்பது விநாடி காயவிடுவது, பாட்டிலின் ரப்பர் மூடியை ஆல்கஹாலால் மட்டும் துடைப்பது, அயோடின் பக்கம் போகாமலிருப்பது, பாட்டிலின் பக்கவாட்டில் பேனாவால் 10 மி.லி. கோடு போட்டுவிட்டு அதுவரை நிரப்புவது. வெற்றிடம் உள்ள பாட்டில் தானாக இழுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், ஒன்றில் பாதியும் இன்னொன்றில் இரட்டிப்பும் போய்ச் சேரும்.